கவுந்தியடிகள் - திரையிலும் காப்பியத்திலும்

சமணத் துறவு எத்தகையது என்பதைத் தமிழ்ப் பெருமக்கள் பலர் முதன்முதலில் அறிந்தது கவுந்தியடிகள் வாயிலாகவே எனலாம். 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பூம்புகார்’ திரைப்படத்தில் அடிகளாக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். சிலப்பதிகாரத்தை ஏடெடுத்துப் படித்தறியாதவரும் அப்படத்தினால் ஒரு சமணப் பெண்துறவியைக் கண்ணாரக் கண்டனர்.

நடித்தவர்

கொடுமுடியில் 1908-இல் பிறந்த சுந்தராம்பாள் நாடக மேடையில் இசையால் புகழ் பெற்றவர். கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் மறைந்தபின் அணிகலன்களை நீக்கி வெண்ணிற ஆடையே உடுத்தினார். 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடம் ஏற்று, ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். விடுதலைப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ் மேடைகளில் பாடினார்; பின்னர், 1950-களில், சென்னைச் சட்ட மேலவை உறுப்பினராக விளங்கினார். முருகனடியாராகிய அவர் கைக்கொண்ட எளிமை நம் சமயம் கூறும் துறவன்று. எனினும், தாமே மேற்கொண்ட எளிய வாழ்வு அவ்வேடத்திற்குப் பெருமிதம் சேர்த்தது.

காப்பியம் காட்டும் அடிகள்

திரையில் நாம் காண்பது அன்பு நிறைந்த மூதாட்டியை. அவரது நோன்பின் நுட்பத்தை அறியக் காப்பியத்தையே நாடவேண்டும்.

கடிஞையும் தோளுறியும் மயிற்பீலியும் ஏந்தி, கோவலன் கண்ணகியுடன் அடிகள் மதுரைக்குப் புறப்படுகிறார். வழியின் இடர்களை முன்னரே எடுத்துரைக்கிறார். வயல்வழியே சென்றால், களை பறிப்போர் எறிந்த குவளைப் பூவில் தேனுண்டு மயங்கிய வண்டுகளை மிதிக்க நேரும்; நீர்க்கரை வழியே சென்றால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும். அத்துன்பம் தாங்க இயலாதது என்கிறார். நோக்கி நடத்தலாகிய ஈர்யா சமிதிக்கு இதனினும் எளிய பாடம் வேறில்லை.

நாக் காத்தல்

இத்துணை விழிப்புடைய அடிகளும் ஓரிடத்தில் வெகுளிக்கு ஆட்படுகிறார். கண்ணகியை எள்ளிய இருவரை நரியாகுமாறு சபிக்கிறார். அப்போது கோவலனும் கண்ணகியும், நெறி தவறியோர் தகாதன கூறினும் அதனை அறியாமை எனக் கொள்ளவேண்டும் என்று வேண்டுகின்றனர். அடிகள் சினம் தணிந்து, சாபத்தைப் பன்னிரண்டு திங்கள் அளவிற்கு வரையறுக்கிறார்.

இப்பகுதியை நாம் மறைத்தல் வேண்டா. அடியைக் காப்பதினும் நாவைக் காப்பது அரிது என்பதை இளங்கோவடிகள் ஒரு துறவியின் வாழ்விலேயே காட்டுகிறார். இல்லறத்தார் கூறிய அறத்தைத் துறவியும் ஏற்றார் என்பதே இங்கு நாம் கொள்ளத்தக்க பெருமை. கோவலன் கொலையுண்டதைக் கேட்டபின் அடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார் என்று காப்பியம் கூறுகிறது.

திரைப்படம் வாயிலைத் திறந்து வைத்தது; உள்ளே செல்லவேண்டியவர் நாமே. நம் பிள்ளைகள் படத்தைக் கண்டு மகிழட்டும். அதன்பின் நாடுகாண் காதையை அவர்களுடன் அமர்ந்து பொருளறிந்து படித்தல் பெற்றோர் கடமையாகும்.

சிந்தனைக்கு

1. துறவியர் மயிற்பீலி ஏந்துவது ஏன்?
2. நண்டிற்கும் நத்தைக்கும் இரங்கியவர் மனிதரைச் சபிக்க நேர்ந்தது எதனால்?
3. பிறர் நம்மை எள்ளும்போது கோவலன் கண்ணகியின் அறிவுரையை நாம் எவ்வாறு கைக்கொள்ளலாம்?