படுக்கை அறையில் நடந்த ஊழியம்

உங்களில் அநேகர் பனியன் கம்பெனியில் பாடுபடுகிறவர்கள். ஓவர்லாக்கில் உட்கார்ந்து இடுப்பு போனவர்கள் உண்டு, பஞ்சுத் தூசியால் இளைப்பு வந்தவர்களும் உண்டு. எனக்கு 12 வருஷமாய் முடக்குவாதம். காலையில் கத்தரிக்கோல் பிடிக்க விரல் மடங்காது. "இன்னுமா சுகமாகலீங்க? விசுவாசம் பத்தலையோ?" என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு வேதத்திலிருந்தே பதில் சொல்லுகிறேன்.

பவுல் மூன்று தரம் ஜெபித்தும் முள் எடுபடவில்லை (2 கொரி. 12). துரோப்பீமு வியாதியாய் மிலேத்துவிலேயே தங்கிவிட்டான் (2 தீமோ. 4:20). கலாத்தியருக்குப் பவுல் முதன்முதல் பிரசங்கித்ததே உடம்பு முடியாத நிலைமையில்தான் (கலா. 4:13). இவர்களுக்கா விசுவாசம் பத்தவில்லை? தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் வைத்தியமே சொன்னார் (1 தீமோ. 5:23). ஆகவே ஜெபியுங்கள், டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்தாதேயுங்கள்.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு சாட்சி உண்டு. ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867-ல் அயர்லாந்தில் பிறந்து, 1895-ல் இந்தியா வந்தவர். கோவிலுக்கு விடப்பட இருந்த பெண் பிள்ளைகளை 1901 முதல் டோனாவூரில் எடுத்து வளர்த்தார். 1931 அக்டோபர் 24-ல் களக்காட்டில் இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்தார். கால் முறிந்தது, முதுகும் கெட்டது. வயது 63. சீக்கிரம் எழுந்து நடப்பார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். மூட்டுவலியும் சேர்ந்துகொண்டது. 1951 ஜனவரி 18-ல் மரிக்கும் வரை பெரும்பாலும் அந்த அறையே அவருக்கு உலகம்.

ஆனால் அங்கிருந்து பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் வந்தன! 1933-ல் வந்த 'ரோஸ் ஃப்ரம் ப்ரையர்' நோயாளிகளுக்கென்றே எழுதினது. சுகமாயிருக்கிறவர்கள் நோயாளிக்கு எழுதும் ஆறுதல் அவருக்கு ஒட்டவில்லை. படுத்திருக்கிறவரே படுத்திருக்கிறவர்களுக்கு எழுதினார். எனக்கு இதுதான் பெரிது. வலி போன பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை பாருங்கள்.

என் காரியம் சின்னது. பத்து மணிக்கு மேல் விரல் கொஞ்சம் இளகும். அந்த நேரத்தை வீணாக்காமல், கட்டிங் வேஸ்ட் துணியில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதக் கதைப் படங்கள் வெட்டி ஒட்டுகிறேன். வலிக்கிற நாளில் வெட்டுவதில்லை. எந்தக் கதைக்கு எந்த நிறம் என்று யோசித்து வைத்துக்கொள்வேன். யோனாவுக்குக் கடல் தயார். மீனுக்குத்தான் சாம்பல் நிறத் துணி கிடைக்கவில்லை. யார் செக்‌ஷனிலாவது துண்டு விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை எடுத்து வாங்க.