கால் தசையின் மின்மாற்றமும் அதிர்வும்: அளவீடு உணர்த்துவது என்ன?

முழங்கால் மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின் காலை நீட்ட இயலாமல் தவிப்பவரிடம், "இன்னும் கொஞ்சம் முயன்றால் என்ன?" என்று குடும்பத்தார் அன்போடு கடிந்துகொள்வதுண்டு. தளர்ச்சி தசையில் உள்ளதா, தசைக்கு வரும் ஆணையில் உள்ளதா என்பதை வெறும் கண்ணால் அறிய இயலாது. அதற்கு இருவகை அளவீடுகள் துணைசெய்கின்றன.

மூளையின் ஆணை தண்டுவடத்தையும் நரம்பையும் கடந்து தசையை அடையும்போது, தசையிழைகளில் நுண்ணிய மின்மாற்றம் நிகழ்கிறது. தோலின்மீது ஒட்டப்படும் மின்முனைகள் அதனைப் பதிவுசெய்கின்றன. உடனே இழைகள் சுருங்கி மெல்ல அதிர்கின்றன. அவ்வதிர்வைச் சிறிய உணரி ஒன்று பதிவுசெய்கிறது. மின்பதிவு ஆணை வந்ததைக் காட்டும். அதிர்வுப்பதிவு தசை இயங்கியதைக் காட்டும். மின்பதிவு மருத்துவமனைகளில் வழக்கத்தில் உள்ளது. அதிர்வுப்பதிவு பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலேயே பயன்படுகிறது.

இவ்வதிர்வை நாமே கேட்கலாம். கட்டைவிரல்களால் காதுகளை மெல்ல அடைத்துக்கொண்டு மற்ற விரல்களை இறுக மடக்கினால், தொலைவில் இடி உறுமுவது போன்ற ஒலி கேட்கும். இத்தாலிய அறிஞர் கிரிமால்டி 17ஆம் நூற்றாண்டிலேயே இதனைக் குறிப்பிட்டுள்ளார்.

சோதனை எளியது. தோலைத் துடைத்து, முன்தொடையில் மின்முனைகளை ஒட்டுவர். நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி, சில விநாடிகள் நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். உடலுக்குள் மின்சாரம் செலுத்தப்படுவதில்லை, ஊசியும் இல்லை. அன்று காலில் எண்ணெய், களிம்பு பூசாதிருப்பது நன்று.

மின்பதிவு குறைந்திருந்தால் முயற்சி குறைவு என்று முடிவுகட்டலாகாது. மூட்டு வீங்கியிருக்கையில், அங்கிருந்து எழும் உணர்வுச் செய்திகள் முன்தொடைத் தசைக்குச் செல்லும் ஆணையைத் தண்டுவடத்திலேயே அடக்கிவிடுகின்றன. நோயாளி முழுமனத்தோடு முயன்றாலும் தசை முழுமையாக இயங்காது. அந்நிலையில் வீக்கத்தைத் தணிப்பதும் சிகிச்சையின் முதன்மையான பகுதியாகும். தசை களைப்படையும்போதோ, அதே எடையைத் தாங்குவதற்கே மின்பதிவு உயரக்கூடும். அது ஓய்வு தேவை என்பதன் அறிகுறி.

தோலடிக் கொழுப்பும் மின்முனை ஒட்டப்படும் இடமும் பதிவை மாற்றும். ஆகவே ஒருவரது எண்ணை இன்னொருவரது எண்ணோடு ஒப்பிடுதல் பொருந்தாது. அவரவரது மறுகாலோடும் முந்தைய பதிவோடும் ஒப்பிடுவதே பயன்தரும்.

வீட்டில் ஒருவர் காலை நீட்ட இயலாமல் திணறினால், கடிந்துகொள்ளுமுன் மூட்டில் வீக்கம் உள்ளதா என்று பார்ப்போம். இருப்பின் இயன்முறை மருத்துவரிடம் தெரிவிப்போம்.