நோயாளி தங்கும் அறையின் வெப்பம்: கடற்கரை வீடுகளுக்கான ஒரு பாடம்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது மருந்து, உணவு, மறுபரிசோதனை நாள் ஆகியவற்றைக் குறித்துக் குடும்பத்தினர் கேட்டறிகின்றனர். நோயாளி படுத்திருக்கப்போகும் அறை எவ்வளவு வெப்பமாக இருக்கலாம் என்னும் கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. தருவைகுளம் முதல் தூத்துக்குடி வரையுள்ள கரையோர ஊர்களில், பங்குனி தொடங்கி ஆடி வரை, அந்தக் கேள்வி மருந்தைப் போலவே முதன்மையானது. முதியோர், இதய நோயாளிகள், சிறுநீரக நோயாளிகள், நீரிழிவு உடையோர், படுக்கையிலேயே இருப்போர், பச்சிளங்குழந்தைகள் ஆகியோரின் உடல் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலிற் குறைந்தது. தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆகவே அறையின் வெப்பத்தை அளவோடு, குறைந்த செலவில் காக்கும் முறையையும், அதற்கான கருவிகளைப் பேணும் முறையையும் இவ்விதழில் கற்போம்.

உடல் வெப்பத்தை வெளியேற்றும் வழி

நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். தோலின் வெப்பம் அதனினும் சற்றுக் குறைவு. சுற்றியுள்ள காற்று தோலைவிடக் குளிர்ந்திருக்கும்வரை உடல் வெப்பத்தை நேரே காற்றுக்குக் கொடுத்துவிடும். காற்றும் தோலளவு சூடாகிவிட்டால் எஞ்சியிருப்பது வியர்வை ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்குகிறது. ஆவியாகாமல் வழிந்தோடும் வியர்வையால் அப்பயன் இல்லை; நீரும் உப்பும்தான் வீணாகின்றன.

இதனாலேயே கடற்கரை வெப்பத்தை வேறு அளவுகோலால் அளக்கின்றனர். இந்திய வானிலை ஆய்வுத் துறை, சமவெளிகளில் 40 டிகிரியை எட்டிய பின்னரே வெப்ப அலையைக் கருதுகிறது. கடலோர நிலையங்களுக்கு அந்த எல்லை 37 டிகிரி. இரண்டிடத்தும் வெப்பம் வழக்கத்தைவிட மிகுந்திருக்க வேண்டும் என்பது கூடுதல் விதி. ஈரக்காற்றில் வியர்வை உலராது என்பதே எல்லை தாழ்ந்திருப்பதன் காரணம்.

கச்சானும் கொண்டலும்

நம் கரையில் ஒரே கோடையில் இருவகை வெப்பம் உண்டு. கடலுக்குச் செல்வோர் இதனை நன்கறிவர். மேற்கிலிருந்து வரும் கச்சான் மலையைக் கடந்து ஈரத்தை இழந்து, உலர்ந்த காற்றாக இங்கே வந்து சேர்கிறது. கிழக்கிலிருந்து வரும் கொண்டலோ கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது.

கச்சான் வீசும் நாளில் மண்பானை நீர் நன்கு குளிரும்; ஈரத்துணியும் நீர் ஊற்றி இயக்கும் ஏர்கூலரும் நல்ல பயன் தரும். பாலைவன ஊர்களில் ஏர்கூலர் சிறப்பாக வேலை செய்வது இந்த உலர்ந்த காற்றினால்தான். கொண்டல் வீசும் நாளில் அதே ஏர்கூலரை மூடிய அறையில் இயக்கினால் காற்று மேலும் ஈரமாகி நோயாளியின் புழுக்கம் கூடும். ஆதலால் ஏர்கூலர் இயங்கும்போது எதிர்ப்புறச் சன்னல் திறந்திருக்க வேண்டும். புழுக்கமான நாளில் அதன் நீர் பம்பை நிறுத்திவிட்டு விசிறியாக மட்டும் பயன்படுத்த வேண்டும். தொட்டி நீரை நாள்தோறும் மாற்றாவிடில் கொசுவும் கிருமியும் பெருகும்.

கூரையும் சன்னலும்

மீன் நிறைந்த ஐஸ்பெட்டியின் மூடியைத் திறந்துவைத்துவிட்டு மேலும் மேலும் ஐஸ் கொட்டுவார் எவருமில்லை. வீட்டைக் குளிர்விப்பதும் அவ்வாறே. வெப்பம் நுழையும் வழியை அடைத்த பிறகே கருவியைப் பற்றி எண்ண வேண்டும்.

கான்கிரீட் கூரை பகலெல்லாம் வெயிலை வாங்கி, இரவெல்லாம் அறைக்குள் உமிழ்கிறது. மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ, வெப்பத்தைத் திருப்பும் வெண்பூச்சோ பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிச் சென்றுவிடும். பூச்சில் உப்பும் தூசியும் படிந்தால் பயன் குறையுமாதலால் ஆண்டுதோறும் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். இயலாதவர் நோயாளியின் அறைக்கு மேல் தென்னங்கீற்றுத் தட்டிகளைச் சற்று உயர்த்திப் பரப்பலாம்.

கிழக்கு நோக்கிய சன்னலுக்குக் காலையிலும், மேற்கு நோக்கிய சன்னலுக்குப் பிற்பகலிலும் வெளிப்புறத்தில் தட்டியோ பாயோ கட்டுதல் நன்று. உள்ளே தொங்கும் திரை, வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகே அதைத் தடுக்கிறது. வெளித்தட்டி முன்னரே தடுத்துவிடுகிறது. வெளிக்காற்று உள்ளறையைவிடச் சூடாக இருக்கும் வேளையில் சன்னலை மூடி, இரவும் விடியலும் திறந்துவைக்கவும். இதனைக் கணிப்பதற்கு ஒரு சுவர் வெப்பமானி போதும். பகலில் அறை 32 டிகிரிக்கும், இரவில் 24 டிகிரிக்கும் கீழே இருப்பது விரும்பத்தக்கது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் ஊரில் இரவு 24 டிகிரி எளிதன்று. ஆயினும் அறை அந்த எல்லையிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதை வெப்பமானி நமக்குச் சொல்லும்.

மின்விசிறி

விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை உலர்த்துகிறது. ஆகவே ஆளில்லாத அறையில் அது சுழல்வதால் பயனில்லை. அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி சூடான காற்றையே உடலின்மேல் செலுத்தும். அப்போது விசிறியை மட்டும் நம்பலாகாது. முதியோர்க்கு வியர்வையே குறைவாதலால், அந்த எல்லைக்கு முன்னரே ஈரத்துணியால் கை, கால், கழுத்தை நனைத்து, பின் விசிறியைப் பயன்படுத்த வேண்டும்.

பழைய கூரைவிசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் எடுக்கும். இப்போது கிடைக்கும் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவிலேயே இயங்கும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் வீதம் இரண்டு மாதத்திற்குக் கணக்கிட்டால் முன்னதற்கு 36 யூனிட், பின்னதற்கு 15 யூனிட்டுக்கும் குறைவு.

ஏ.சி.யும் தெர்மோஸ்டாட்டும்

அறையைக் குளிர்விக்கும் எண்ணம் நோயாளிகளின் பொருட்டே எழுந்தது என்பதை அறிந்தால் வியப்புண்டாகும். அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கடற்கரையில் அப்பலாச்சிகோலா என்னும் ஊரில் பணியாற்றிய ஜான் கோரி என்னும் மருத்துவர், காய்ச்சலுற்றோரின் அறையில் ஐஸ் தொங்கவிட்டுக் குளிர்வித்தார். ஐஸ் கிடைப்பதரிதாகவே, அதனைச் செய்யும் இயந்திரத்தை வகுத்து 1851இல் காப்புரிமை பெற்றார். இன்றைய ஏ.சி. அந்த எண்ணத்தின் வழித்தோன்றல். ஒரு டன் ஏ.சி. என்னும் வழக்கும் ஐஸிலிருந்து வந்ததே: ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது ஈர்க்கும் வெப்பத்தின் அளவு அது.

ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை; அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. எப்போது தள்ள வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்வது தெர்மோஸ்டாட். உள்கருவியின் காற்று நுழைவாயிலில் உள்ள சிறிய உணரி அறைக்காற்றின் வெப்பத்தை அளந்து சொல்ல, அதற்கேற்பக் கம்ப்ரசர் இயங்குகிறது. எனவே 24க்குப் பதில் 18 என்று வைத்தால் அறை விரைந்து குளிரும் என்பது பொதுவாகத் தவறான எண்ணம். கருவி முழுவேகத்தில் ஓடும் நேரமே நீளும். நள்ளிரவில் நோயாளி குளிரால் நடுங்குவார்.

எரிசக்தித் திறன் பணியகத்தின் பரிந்துரைப்படி, 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெறும் ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்பட்டு வருகின்றன. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்றும் அப்பணியகம் கூறுகிறது. உலகச் சுகாதார நிறுவனமோ 27 டிகிரியில் வைத்து, உடன் விசிறியையும் சுழலவிடச் சொல்கிறது. அப்போது 4 டிகிரி குறைந்ததுபோன்ற உணர்வு கிடைக்கும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். முழுவேகத்தில் மணிக்கு ஒரு யூனிட் எடுக்கும் ஏ.சி., இரவு 8 மணி நேரம் வீதம் 60 நாள் ஓடினால் 480 யூனிட். நம் மாநிலத்தில் இருமாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குக் கட்டண விகிதமே மாறிவிடும். 24 டிகிரியை 27 ஆக்கினால் ஏறத்தாழ 85 யூனிட் குறையும். நோயால் வருவாய் குன்றிய வீட்டிற்கு இது சிறு தொகையன்று. மின்கட்டணத்திற்கு அஞ்சி, கடும்வெயிலில் ஏ.சி.யை முற்றிலும் அணைத்துவைப்பதைக் காட்டிலும், 27 டிகிரியில் அஞ்சாமல் இயக்குவது மேலானது. குளிர்காற்று நேரே படுக்கையின்மேல் படாதவாறு இதழ்களை மேல்நோக்கித் திருப்பிவிடவும்.

உப்புக்காற்றில் கருவியைப் பேணுதல்

உப்பளங்களும் கடலும் சூழ்ந்த நம் ஊரில் ஏ.சி.யின் முதல் எதிரி உப்பு. வெளிக்கருவியின் மெல்லிய அலுமினியத் தகடுகளில் அது படிந்து அரிக்கிறது. மாதம் ஒருமுறை மின் இணைப்பை முற்றிலும் துண்டித்துவிட்டு, நல்ல தண்ணீரை மென்மையாகத் தெளித்துத் தகடுகளைக் கழுவலாம். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். கருவி உயரத்தில் இருந்தால் இதனைப் பணியாளரிடம் விட்டுவிடுக. புதிதாக வாங்குவோர் அரிப்பைத் தடுக்கும் பூச்சுள்ள தகடுகளைக் கேட்டு வாங்குக.

உள்கருவியின் வலையை இரு வாரத்திற்கு ஒருமுறை கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டவும். அடைபட்ட வலை செலவைக் கூட்டுவதோடு, ஆஸ்துமா உடையோர்க்குத் தூசியையும் பூஞ்சையையும் தரும். நீர் வெளியேறும் குழாய் அடைபட்டால் அறைக்குள் நீர் சொட்டும். படுக்கை நோயாளியின் விரிப்பில் ஈரம் தங்குவது புண்ணுக்கு வழி.

தெர்மோஸ்டாட் சரியாக உள்ளதா என்பதை வீட்டிலேயே அறியலாம். வெப்பமானியைக் கட்டிலருகே வைத்து, 26 டிகிரியில் ஒரு மணி நேரம் இயக்கிப் பாருங்கள். ஓரிரு டிகிரி வேறுபாடு இயல்பே. அதனினும் மிகுந்தால் முதலில் வலையையும், பின் உணரி இடம் பெயர்ந்து குளிர்க்குழாயைத் தொடுகிறதா என்பதையும் பணியாளரைக் கொண்டு பார்க்கவும்.

இன்னொன்று. ஏ.சி.யின் வாயு பெட்ரோல் போலத் தீர்ந்துபோவதன்று. "கேஸ் குறைந்துவிட்டது" என்றால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். கசிவை அடைத்த பிறகே நிரப்புமாறு கேட்பது உங்கள் உரிமை. இல்லையேல் அடுத்த கோடையிலும் அதே செலவு காத்திருக்கும்.

மருந்தும் பிரிட்ஜும்

இன்சுலினைத் திறக்கும்வரை 2 முதல் 8 டிகிரியில் வைத்தல் வேண்டும். பிரிட்ஜிலும் தெர்மோஸ்டாட் உண்டு. பல பிரிட்ஜ்களில் திருகின் எண் கூடினால் குளிர் கூடும். ஒரு குவளை நீரில் வெப்பமானியை இட்டு இரவு முழுதும் நடுத்தட்டில் வைத்துக் காலையில் பாருங்கள். உறைந்த இன்சுலின் பயனற்றது. உருகிய பின்னும் பயன்படுத்தலாகாது. ஆதலின் உறையறைக்கு அருகில் வேண்டாம்.

மின்சாரம் நின்றாலோ பிரிட்ஜ் இல்லாவிடினோ, இரட்டை மண்பானைக்கிடையே ஈரமணல் இட்டு, உலர்ந்த உறையிலிட்ட மருந்தை உள்ளே வைப்பது நல்ல மாற்று. ஆனால் கொண்டல் வீசும் நாளில் பானையின் குளிர்ச்சி குறையும் என்பதை மறவாதீர்.

காற்றோட்டம் தேவைப்படும் நோய்கள்

வீட்டு ஏ.சி. பெரும்பாலும் அறைக்காற்றையே சுழற்றுகிறது; புதுக்காற்றைக் கொணர்வதில்லை. காசநோய் முதலிய, காற்றில் பரவும் நோய் உள்ளவர் தங்கும் அறையில், தொற்று நீங்கியது என மருத்துவர் கூறும்வரை சன்னல்கள் திறந்தே இருக்கட்டும், விசிறி போதும். மற்றையோர் அறையிலும் காலையும் மாலையும் சற்று நேரம் சன்னலைத் திறக்கவும். ஆக்சிஜன் செறிவூட்டி வைத்திருப்போர் அதனைச் சுவரிலிருந்து ஓரடியேனும் தள்ளி வைக்கவும். அதுவும் அறைக்கு வெப்பம் தரும் கருவி. விளக்கும் அடுப்பும் அதன் அருகே கூடா.

அபாயக் குறிகள்

இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ உடையவர்க்கு நீரின் அளவை மருத்துவரே வரையறுப்பார். வெயில் என்பதற்காகத் தாமாக மிகுதியாகப் பருக வேண்டா. சிறுநீர் பிரிக்கும் மாத்திரை, மனநலத்திற்கான சில மருந்துகள் ஆகியன வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடும். அவற்றைத் தாமே நிறுத்தாமல், கோடை தொடங்கும் முன் எங்களிடம் கேளுங்கள்.

உடல் கொதித்து, பேச்சுக் குழறி, தடுமாற்றமோ மயக்கமோ வலிப்போ தோன்றினால் அது வெப்ப வாதம். உடனே 108ஐ அழைத்து, நிழலிற் கிடத்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்கவும். மயங்கியவர் வாயில் நீர் புகட்டலாகாது. பாராசிட்டமால் இவ்வெப்பத்தைத் தணிக்காது.

கற்றதைச் சரிபார்க்க

1. புழுக்கமான நாளில் ஏர்கூலரின் நீர் பம்பை நிறுத்துவது ஏன்? காற்றின் ஈரம் கூடினால் வியர்வை உலராது.
2. ஏ.சி.யை 18இல் வைத்தால் அறை விரைந்து குளிருமா? இல்லை, ஓடும் நேரமே நீளும்.
3. பிரிட்ஜின் உறையறையருகே இன்சுலின் வைக்கலாமா? ஆகாது, உறைந்தால் கெடும்.
4. காசநோயாளியின் அறையில் முதலில் தேவை எது? திறந்த சன்னல்.

இப்பக்கத்தைப் பிரிட்ஜின் கதவில் ஒட்டி வைப்பதும், நூறு இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு சுவர் வெப்பமானியை நோயாளியின் கட்டிலருகே மாட்டுவதும் இவ்வாரமே செய்யத்தக்கவை. அடுத்த முறை எங்களிடம் வரும்போது அறையின் பகல் வெப்பத்தையும் இரவு வெப்பத்தையும் குறித்து வாருங்கள். இரத்த அழுத்தத்தைப் போலவே அதனையும் நாங்கள் கேட்போம்.