ஊரைப் படிக்கும் பட்டம்

சிறிய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை சேரும் மாணவருக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றே ஒன்றுதான். வளாகத்தைச் சுற்றியுள்ள ஊரிலிருந்து ஒரு கேள்வியை முதல் செமஸ்டரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், கடைசி வைவா முடியும்வரை அதை விடாதீர்கள். நான்காம் செமஸ்டர் வந்த பிறகு கைடைத் தேடிப்போய், அவர் கையில் இருக்கும் தலைப்பு எதுவோ அதை வாங்கி, மூன்று மாதத்தில் ப்ராஜெக்ட் முடிப்பதுதான் இப்போது பரவலான வழக்கம். பெரிய பல்கலைக்கழகத்தில் அதற்கு ஓரளவு நியாயம் உண்டு. சிறிய இடத்தில் அப்படிச் செய்தால், அந்த இடம் தரக்கூடிய ஒரே பெரிய சலுகையைத் தொடாமலேயே மாணவர் வெளியேறுகிறார். இத்தகைய வளாகங்களின் மாணவர்களைப் பல ஆண்டுகள் கவனித்ததில் என் மனத்தில் உறுதியாகத் தங்கிய முடிவு இது.

திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, சிறுமலை அடிவாரத்தில், சின்னாளபட்டியை ஒட்டி இருக்கும் காந்திகிராமத்தை எடுத்துக்கொள்வோம். 1947-இல் மருத்துவரான டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய நிறுவனம் அது. 1956-இல் கிராமிய உயர்கல்விக்கான கல்விநிலையம் உருவானது. 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி வந்தது. காந்தியின் ஆதாரக் கல்விக் கொள்கையில் வேர் கொண்டதால், கிராமத்துக்குப் போய்த் தங்கிப் பணிசெய்வது அங்கே பாடத்திட்டத்துக்குள்ளேயே இடம்பெற்றது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியபோது, மாணவர் கிராமத்துக்குப் போவது வகுப்புக்கு வெளியே செய்யும் சேவையாக அமைந்தது. இரண்டும் நல்லவையே. ஆனால் பாடத்துக்குள் வரும்போது ஆசிரியர் கேள்வி கேட்கிறார், மாணவர் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது, மதிப்பெண் விழுகிறது. மரம் நட்டுவிட்டுத் திரும்பும் முகாமிலிருந்து, எந்தத் தெருவில் எத்தனை குழாயில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது என்று வரைபடம் போடும் வேலைக்கு மாணவர் நகர்வது அந்த இடத்தில்தான். ஊர் என்பது படிக்கத்தக்க பொருள் என்ற நம்பிக்கை பாடத்திட்டத்திலேயே இருப்பது மாணவருக்குப் பெரிய பலம். அந்த நம்பிக்கை எழுத்தில் இல்லாத பல்கலைக்கழகங்களிலும் மாணவரே அதை உண்டாக்கிக்கொள்ள முடியும்.

சிறிய இடத்தில் இது ஏன் எளிது என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புக் கல்லூரிகளைக் கட்டி மேய்க்கும் பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டத்தை ஒரு குழு எழுதும், வேறொருவர் நடத்துவார், இன்னொருவர் விடைத்தாள் திருத்துவார். இணைப்புக் கல்லூரிகள் இல்லாத சிறிய பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் இந்த மூன்று வேலையும் ஒரே ஆசிரியர் கையில் இருக்கும். ஆகவே, “அம்மா, இந்த அசைன்மெண்டை எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை வைத்துச் செய்யலாமா?” என்று மாணவி கேட்டால், சரி என்று சொல்லும் அதிகாரம் எதிரில் நிற்பவருக்கே இருக்கிறது. அடுத்தது கருவிகள். வகுப்பில் இருபது பேர் மட்டும் இருக்கும் துறையில், இருக்கிற நிறமாலைமானியை மாணவர் தன் கையால் இயக்கலாம். இல்லாத கருவிக்கு வெளியே வழி உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி மையம் வெளி நிறுவனங்களின் மாதிரிகளையும் கட்டணத்துக்குப் பரிசோதித்துத் தருகிறது. எந்த ஆய்வகத்தில் எந்தக் கருவி பகிர்வுக்குத் திறந்திருக்கிறது என்பதை ஐ-ஸ்டெம் தளத்தில் பார்க்கலாம். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், ஆசிரியருக்கு மாணவரின் பெயரும் ஊரும் தெரிந்திருப்பது. தானாகக் கிடைக்காத ஒரே விஷயம் கேட்கும் துணிவு. சிறிய வளாகங்களில் நான் பார்க்கும் வீணடிப்பில் பெரும்பகுதி கேட்காமல் விட்டதால் வருவது.

இப்படிப்பட்ட வேலை எங்கே போய்ச் சேரும் என்பதற்குக் கொடைக்கானல் ஒரு சான்று. 1984-இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகங்களோடு கட்டடத்திலோ பணத்திலோ போட்டியிடக்கூடியது அல்ல. ஆனால் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் அந்தப் பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறைக்கு முக்கியப் பங்கு உண்டு. புவிசார் குறியீடு கேட்பவர்கள், இந்தப் பொருளின் தன்மைக்கு இந்த மண்ணும் இந்தக் குளிரும்தான் காரணம் என்று ஆதாரத்தோடு காட்டியாக வேண்டும். விவசாயியிடம் பேச வேண்டும், வரலாறு தேட வேண்டும், ஆய்வகத்தில் சேர்மங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மலையிலேயே இருக்கும் ஒரு துறைக்கு இது நடந்துபோய்ச் செய்யக்கூடிய வேலை. சென்னையிலிருந்து வருபவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பயணம். அது ஆசிரியர்களின் சாதனை, மாணவர்களுக்கு அதில் என்ன பங்கு என்று கேட்கலாம். விண்ணப்பம் மாணவர் பெயரில் போகவில்லைதான். ஆனால் அப்படி ஒரு முயற்சி நடக்கும் துறையில் படிப்பவர், பாடநூலில் வராத ஒன்றைப் பக்கத்திலிருந்து கற்கிறார். ஓர் ஆதாரம் எப்போது போதுமானதாகிறது என்பதுதான் அது.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். என் அளவுகோல் எளிமையானது. டவுன் பஸ்ஸில் போய் அன்றே திரும்பக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். ஒரே அளவீட்டைப் பல முறை எடுக்க முடிய வேண்டும். பதில் தெரிந்தால் அக்கறையோடு கேட்க அந்த ஊரில் ஒருவராவது இருக்க வேண்டும். திண்டுக்கல் வட்டாரத்தை மட்டும் பாருங்கள். தோல் பதனிடும் தொழிலின் கழிவால் நிலத்தடி நீர் உப்பேறிய பகுதிகள் இருக்கின்றன. ஒரு கோடை, ஒரு மழைக்காலம், மறுபடி ஒரு கோடை என்று அதே கிணறுகளை அளந்தால் வேதியியல் மாணவருக்கு நல்ல ஆய்வேடு கிடைக்கும். சிறுமலையின் மலைவாழையை முடிக்கொத்து நோய் சீரழித்தது தாவரவியலுக்கு உரியது; அதன் பிறகு அந்தக் குடும்பங்கள் எந்தப் பயிருக்கு மாறின என்பது பொருளியலுக்கு உரியது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை இன்னும் கையால் செய்யும் பட்டறைகளில் இளைஞர் எத்தனை பேர், சின்னாளபட்டித் தறிகளில் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பவை சமூகவியலுக்கு உரியவை. எதை எடுத்தாலும் முதல் நாளிலிருந்து ஒரு கெட்டி அட்டை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, இடம், யாரிடம் பேசினேன், என்ன அளந்தேன், எது ஒத்துவரவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஒத்துவராதவற்றை எழுதிவைப்பவரே வைவாவில் தடுமாறாமல் பேசுகிறார்.

உள்ளூர்க் கேள்வி மாணவரைக் குறுக்கிவிடாதா என்பது நியாயமான ஆட்சேபம். உலகின் ஆய்வுகளைப் படிக்காமல் உள்ளூரை மட்டும் அளந்தால் நிச்சயம் குறுக்கும். முன்பு அதற்கு நூலகம் ஒரு காரணமாக இருந்தது. விலை உயர்ந்த ஆய்விதழ்களைச் சிறிய பல்கலைக்கழகம் வாங்க முடியாது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு அந்த நிலை மாறியிருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட மத்திய, மாநில அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டுள்ளன. மூன்று ஆண்டுக்கு அரசு ஒதுக்கிய தொகை 6,000 கோடி ரூபாய். தன் பல்கலைக்கழக நூலகரிடம் போய் இதற்கான அணுகலைக் கேட்டு வாங்குவது ஒவ்வொரு மாணவரும் முதல் மாதத்திலேயே செய்ய வேண்டிய வேலை. வங்கதேசத்திலும் எத்தியோப்பியாவிலும் தோல் கழிவு நீரைப் பற்றி எழுதியவற்றைப் படித்த கண்ணோடு திண்டுக்கல் கிணற்றைப் பார்க்கும் மாணவர் குறுகிப்போக மாட்டார். மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நல்கைக்கு விண்ணப்பிக்கும்போதும் இந்த வேலை துணைக்கு வரும். அதற்கு மாணவர் தன் ஆர்வத்தை எழுதித் தர வேண்டும். ஆசிரியரின் பரிந்துரையும் வேண்டும். “நன்றாகப் படிப்பவர், ஒழுக்கமானவர்” என்ற கடிதத்துக்கும், இந்த மாணவி எந்தக் கிணற்றில் என்ன முரண்பாட்டைக் கண்டு எப்படிச் சரிபார்த்தார் என்று சொல்லும் கடிதத்துக்கும் உள்ள தூரம் தேர்வுக் குழுவுக்குத் தெரியும்.

வேலைவாய்ப்பைப் பற்றிய கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய நிறுவனங்கள் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு இங்கே வரிசையில் நிற்பதில்லை, படிப்பு முடிந்த மறுமாதம் சம்பளம் வந்தாக வேண்டிய வீடுகள் ஏராளம். உள்ளூர் ஆய்வு செய்தால் வேலை தானாக வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் தேசியத் தேர்வுகள் வளாகத்தின் பெயரைக் கேட்பதில்லை. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு நல்கைக்குத் தகுதி பெற்றவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதைக் கொண்டு தகுதியான எந்தப் பல்கலைக்கழகத்திலும் முனைவர் பட்டம் செய்யலாம். இரண்டு ஆண்டு ஒரே சிக்கலோடு வாழ்ந்தவருக்கு, அந்தப் பாடத்தில் மனப்பாடம் தேவைப்படாத பகுதி ஒன்று கூடுதலாக இருக்கும். தொண்டு நிறுவனங்கள், நீர் ஆய்வு அமைப்புகள், வேளாண் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போதும், களத்தில் நின்று தரவு சேர்த்ததைக் காட்ட முடிகிறவருக்கு ஒரு படி கூடுதல்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் நேரத்தைப் பற்றியது. தினமும் இரண்டு பஸ் மாறி வரும் மாணவி, ஹாஸ்டல் கட்டணத்துக்காக மாலையில் வேலைக்குப் போகும் மாணவர், வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள் ஆகியோரால்தான் இந்தப் பல்கலைக்கழகங்கள் நிறைந்திருக்கின்றன. அவர்களுக்கு இன்னொரு சுமையா என்று கேட்பவர்களின் அக்கறையை மதிக்கிறேன். அதனால்தான் புதிதாக எதையும் சேர்க்கச் சொல்லவில்லை. அசைன்மெண்ட், செமினார், இன்டர்னல், ப்ராஜெக்ட் என்று எப்படியும் செய்தாக வேண்டியவற்றை நான்கு தலைப்பில் சிதறவிடாமல் ஒரே கேள்வியின் நான்கு பகுதிகளாக்குங்கள் என்றுதான் சொல்கிறேன். தினமும் ஊரிலிருந்து வருபவருக்குக் களம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஹாஸ்டலில் இருப்பவரைவிட இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு வசதி அதிகம். நிரந்தர ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடந்து, கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே துறை ஓடும் இடங்களில் நிலைமை வேறு. அடுத்த ஆண்டு தானே இருப்போமா என்று தெரியாத ஆசிரியரிடம் இரண்டு ஆண்டுக்கான வழிகாட்டலை எதிர்பார்ப்பது அநியாயம். அந்தக் குறையை மாணவரின் உழைப்பு ஈடுசெய்யாது. பணியிடங்களை நிரப்புவது அரசின் கடமை. அதுவரை, கேள்வியும் நோட்டும் மாணவர் கையில் இருந்தால் கைடு மாறினாலும் வேலை அறுந்துபோகாது என்ற ஒரு பாதுகாப்பு மட்டும் உண்டு.

தேசியத் தரவரிசையைப் பார்த்து மனம் தளர்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016 முதல் வெளிவரும் அந்தப் பட்டியலில் மாணவர் எண்ணிக்கைக்கும், வெளியே உள்ளவர்களின் அபிப்பிராயத்துக்கும்கூட மதிப்பெண் உண்டு. சிறிய, ஒதுக்குப்புறமான பல்கலைக்கழகம் அவற்றில் பின்தங்குவது அங்கே படிக்கும் ஒருவரின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

இன்னொரு காரியம் பாக்கி இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா களஞ்சியத்துக்குப் போய்விடுகின்றன. முதுகலை ஆய்வேடுகள் துறையின் அலமாரியில் கறுப்பு அட்டையோடு தூங்குகின்றன. தலைப்பை முடிவு செய்வதற்கு முன் அந்த அலமாரியைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆறு ஆண்டுக்கு முன் யாரோ ஒருவர் அளந்த அதே கிணறுகளை நீங்களும் அளந்தால், உங்கள் எண்களின் மதிப்பு பல மடங்காகும். முடித்துப் போகும்போது உங்கள் அளவீட்டு அட்டவணையையும் கிணறுகளின் இருப்பிடத்தையும் முதலாண்டு மாணவர் ஒருவரிடம் கொடுத்து, துறைத்தலைவரிடமும் ஒரு பிரதி சேர்த்துவிடுங்கள். துறைகள் தம் முதுகலை ஆய்வேடுகளின் தலைப்புகளையும் தரவுகளையும் ஆண்டுவாரியாகப் பட்டியலிட்டு வைப்பதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு கணினியும், அதை ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் செய்தே தீருவது என்ற முடிவும் போதும்.