இயர்பட்ஸ் யார் பெயரில் இருக்கிறது?

உங்கள் இயர்பட்ஸ் யாருடைய கணக்கில் பதிவாகியிருக்கிறது? சமீப காலமாக அலுவலகத்திலும் உறவினர் வீடுகளிலும் இந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறேன். "ப்ளூடூத்தில் கனெக்ட் பண்ணினேன், பாட்டு கேட்குது. இதுல பதிவு எங்கே வந்தது?" என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. எனக்குக் கவலை தருவதே அந்தப் பதில்தான்.

2026 ஜனவரியில் பெல்ஜியத்தின் கே.யூ. லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கோளாறை வெளியிட்டு, அதற்கு 'விஸ்பர்பேர்' என்று பெயரிட்டார்கள். இயர்பட்ஸ் பெட்டியைத் திறந்ததும் ஆண்ட்ராய்டு போனில் படத்தோடு ஓர் அட்டை எழும்பி வரும், ஒரு தட்டில் இணைந்துவிடும். கூகுளின் 'ஃபாஸ்ட் பேர்' என்ற வசதி அது. இணைக்கும் நிலையில் இல்லாதபோது வருகிற கோரிக்கையை இயர்பட்ஸ் புறக்கணிக்க வேண்டும் என்பது அதன் விதி. பல தயாரிப்புகளில் அந்தச் சோதனையே நடக்கவில்லை. சோனி, ஜேபிஎல், ஜாப்ரா, நத்திங், ஒன்பிளஸ், ஷாவ்மி ஆகியவற்றோடு கூகுளின் சொந்தத் தயாரிப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஏறத்தாழ 14 மீட்டர் தூரத்திலிருந்து, பத்து விநாடி அளவில், நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்நியர் ஒருவர் தன் கருவியை அதோடு இணைத்துவிட முடிந்தது.

இணைந்தால் ஒட்டுக்கேட்கலாம், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் என்னை உலுக்கியது இருப்பிடம் பற்றிய பகுதி. தொலைந்ததைக் கண்டுபிடிக்க உதவும் கூகுளின் 'ஃபைண்ட் ஹப்' வலையமைப்பைச் சில இயர்பட்ஸ்கள் ஆதரிக்கின்றன. முதன்முதலில் எந்த ஆண்ட்ராய்டு கணக்கு அதில் தன் சாவியை எழுதுகிறதோ, அதுவே உரிமையாளர். உங்கள் இயர்பட்ஸ் இதுவரை எந்த ஆண்ட்ராய்டு போனோடும் இணைந்ததில்லை என்றால் அந்த இடம் காலியாக இருக்கிறது. பட்டா மாற்றாமல் விட்ட நிலத்தில் வேறொருவர் தன் பெயரை ஏற்றிக்கொள்வது போலத்தான். பொருள் உங்கள் காதில் இருக்கும், அது இருக்குமிடம் அவருடைய போனின் வரைபடத்தில் தெரியும்.

அப்படியானால் இதில் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள் யார்? ஐபோன் வைத்துக்கொண்டு, ஆப்பிள் அல்லாத இயர்பட்ஸ் பயன்படுத்துகிறவர்கள். ஐபோன் வைத்திருந்தால் கூகுள் பிரச்சினை நம்மைத் தொடாது என்று நினைப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகள் அந்த ரகம். நான் சொன்னதும் அவள் கேட்டாள்: "என் போன்லதான் லொகேஷனே ஆஃப்ல இருக்கேம்மா, அப்புறம் என்ன?"

"உன் போன் எதுவும் சொல்லலடா கண்ணு. பக்கத்துல போறவங்க போன்தான் சொல்லுது" என்றேன்.

இதை அவளுக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரமானது. பலருக்கும் குழப்பம் இருக்கும் இடமும் இதுவே. இயர்பட்ஸில் ஜிபிஎஸ் கிடையாது. அது 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ஒரு சிறு ப்ளூடூத் சிக்னலை மட்டும் விடுகிறது. அதைக் கேட்கிற முன்பின் தெரியாதவர்களின் போன்கள், தாங்கள் நிற்கும் இடத்தைச் சேர்த்து, அவர்களே அறியாமல், கூகுளுக்கோ ஆப்பிளுக்கோ அனுப்புகின்றன. பதிவு செய்த உரிமையாளரின் போனில் அது வரைபடப் புள்ளியாகிறது. ஆகவே உங்கள் போனில் லொகேஷனை அணைப்பதால் இந்த வழி அடைபடாது. தி.நகர் ரங்கநாதன் தெரு போன்ற நெரிசலில், சிக்னலைக் கேட்கப் போன்கள் இன்னும் அதிகம்.

போனில் ஃபாஸ்ட் பேரை அணைத்துவிட்டால் போதுமா என்று என் தம்பி கேட்டான். போதாது. கோளாறு இருப்பது இயர்பட்ஸுக்குள். அதன் மென்பொருளைப் புதுப்பித்தால்தான் சரியாகும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். போனுக்கு அப்டேட் வந்தால் போனே நச்சரிக்கும். ஆனால் பல இயர்பட்ஸ்களுக்கு அப்டேட் வந்திருப்பது அந்த நிறுவனத்தின் செயலியைத் திறந்தால்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இருந்த எல்லா இயர்பட்ஸையும் மேஜையில் பரப்பி உட்கார்ந்தேன். ஒருவர் போனில்கூட அந்தச் செயலி இல்லை. அது இல்லாமலே பாட்டுக் கேட்க முடிகிறதே, யார் தேடிப் போய் ஏற்றுவார்கள்?

அன்று கற்றவற்றைச் சொல்கிறேன். அப்டேட் தொடங்குமுன் இரண்டு பட்ஸிலும் பெட்டியிலும் நன்றாகச் சார்ஜ் இருக்கட்டும், பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து வரவேண்டியிருக்கும். பட்ஸை எங்கே வைக்க வேண்டும், மூடி திறந்திருக்க வேண்டுமா என்பது ஒவ்வொரு மாடலுக்கும் வேறுபடுகிறது. திரையில் வருவதை அவசரப்படாமல் படியுங்கள். முடிந்ததும் பதிப்பு எண் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே எழுந்திருங்கள். செயலியோ அப்டேட்டோ இல்லாத மலிவு இயர்பட்ஸ் ஒன்றும் எங்களிடம் இருந்தது. அதை வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்துவது என்று முடிவு செய்தோம்.

மகளுடைய இயர்பட்ஸை அப்டேட் செய்த பிறகு, என் ஆண்ட்ராய்டு போனோடும் ஒருமுறை இணைக்கலாமா என்று அவளிடமே கேட்டேன். உரிமையாளர் இடம் நிரம்பிவிட்டால், இருப்பிடத்தைப் பிடிக்கும் அந்த வழி அடைபடுகிறது. ஒட்டுக்கேட்கும் வழி அதனால் அடைபடாது, அதற்கு அப்டேட்தான் மருந்து. ஆனால் என் கணக்கில் இணைத்தால் அவள் எங்கே போகிறாள் என்பது எனக்குத் தெரியும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். யோசித்துவிட்டு, வேண்டாம், தன்னுடைய கூகுள் கணக்கிலேயே செய்துகொள்கிறேன் என்றாள். தோழியின் பழைய ஆண்ட்ராய்டு போனில் தன் கணக்கைத் திறந்து, இணைத்து, பிறகு வெளியேறிக்கொண்டாள். பத்தொன்பது வயதுப் பெண் எடுக்க வேண்டிய முடிவு அதுவே என்று எனக்கும் பட்டது.

ஏனென்றால், ஆய்வகத்தில் கண்டுபிடித்த தாக்குதலைவிட அடிக்கடி நடக்கக்கூடியது இதுதான்: கணவரோ காதலரோ அண்ணனோ இயர்பட்ஸை வாங்கி, தன் போனில் முதலில் இணைத்து, பிறகு பரிசாகக் கொடுப்பது. நல்லெண்ணத்தோடுதான் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். உறவு கசந்த பிறகும் அந்தப் பதிவு அப்படியே கிடக்கிறது. இதற்கு எந்த ஹேக்கிங்கும் தேவையில்லை. பரிசாக வந்ததை உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். ரிச்சி தெருவிலோ இணையத்திலோ செகண்ட் ஹேண்ட் ஏர்பாட்ஸ் வாங்கினால், விற்பவர் ஆப்பிளின் 'ஃபைண்ட் மை' செயலியில் உள்ள தன் பட்டியலிலிருந்து அதை உங்கள் கண்முன் நீக்கிய பிறகு பணம் கொடுங்கள். நீங்கள் ரீசெட் செய்வதால் மட்டும் அவருடைய ஆப்பிள் கணக்கோடு உள்ள தொடர்பு அறுந்துவிடாது.

அடுத்தது எச்சரிக்கைச் செய்தி. முன்பின் தெரியாத டிராக்கர் உங்களோடு நகர்ந்தால் சொல்லும்படி ஆப்பிளும் கூகுளும் 2024 மே மாதம் பொதுவான ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தன. ஐபோனில் ஐஓஎஸ் 17.5 முதல், ஆண்ட்ராய்டில் 6.0 முதல் அது வேலை செய்கிறது. விஸ்பர்பேர் விஷயத்தில் லூவன் ஆய்வாளர்கள் காட்டிய சிக்கல், அந்த எச்சரிக்கையில் உங்கள் சொந்த இயர்பட்ஸின் பெயரே வரும் என்பது. 'இது என்னுடையதுதானே, போன் உளறுகிறது' என்று தள்ளிவிடுவோம். தள்ளிவிடாதீர்கள். உங்கள் பொருளை 'தெரியாத டிராக்கர்' என்று உங்கள் போனே சொன்னால், அதில் வேறு யாரோ உரிமையாளராக இருக்கிறார் என்பதற்கு அதுவே அறிகுறி.

இந்த எச்சரிக்கை வர உங்கள் போனில் ப்ளூடூத் இயங்க வேண்டும். ஐபோனில் லொகேஷனும், நோட்டிஃபிகேஷன் அமைப்பின் அடியில் இருக்கும் டிராக்கிங் எச்சரிக்கையும் இயங்க வேண்டும். பயந்துபோய் எல்லாவற்றையும் அணைத்து வைத்தால் காவலையும் சேர்த்தே அணைத்ததாகும். ஆண்ட்ராய்டில் 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' பகுதியில் தெரியாத டிராக்கர்களை நாமே தேடிப் பார்க்கும் வசதி இருக்கிறது. வெளியூர்ப் பயணம் முடிந்து வந்தால் நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

இயர்பட்ஸ் செயலிகள் லொகேஷன் அனுமதி கேட்பதையும் பார்த்திருப்பீர்கள். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, அக்கம்பக்கத்து ப்ளூடூத்தைத் தேடவே அந்த அனுமதி கட்டாயமாக இருந்தது. 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி வந்துவிட்டது. புதிய போனில் அப்டேட் முடிந்ததும் நான் லொகேஷன் அனுமதியைத் திரும்பப் பெற்றுவிட்டேன், பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

யாரோ பின்தொடர்கிறார்கள் என்று உண்மையிலேயே சந்தேகம் வந்தால், வரிசை முக்கியம். முதலில் அந்த எச்சரிக்கையையும், அது காட்டும் நேரம், இடங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்புங்கள். ஆள் தெரிந்தவராக இருந்தால், திடீரென்று இயர்பட்ஸ் வரைபடத்திலிருந்து மறைவதே அவருக்குச் சேதி சொல்லிவிடும். அதனால் வீட்டில் தனியாக இருக்கும்போது எதையும் செய்யாமல், மகளிர் உதவி எண் 181-இலோ காவல் நிலையத்திலோ பேசிய பிறகு செய்யுங்கள். அதன் பின் இயர்பட்ஸை அப்டேட் செய்து, ரீசெட் செய்து, உங்கள் கணக்கில் இணையுங்கள். ஃபாஸ்ட் பேர் இயர்பட்ஸில் ரீசெட் ஏற்கெனவே நுழைந்தவரை வெளியேற்றும், ஆனால் கோளாறை அடைக்காது. அப்டேட் செய்யாமல் ரீசெட் மட்டும் செய்தால், அவர் மறுபடி 14 மீட்டருக்குள் வந்தாலே போதும்.