வழி மறித்த யானையும் திலகவதியார் கைத் திருவலகும்

சங்கரன்கோவில் திருத்தலத்திற்கு வந்து, சங்கரலிங்கப் பெருமானையும் சங்கரநாராயணரையும் கோமதி அம்பிகையையும் வழிபட்டு, நெற்றியில் புற்றுமண் இட்டுக்கொண்டு திரும்பும் மெய்யன்பர்கள், இத்தலம் வெளிப்பட்ட வரலாற்றைப் பெரும்பாலும் அறிந்திருப்பர். உக்கிரபாண்டியர் என்னும் மன்னர், மதுரையம்பதியில் எழுந்தருளியுள்ள அங்கயற்கண்ணியையும் ஆலவாய் அண்ணலையும் வழிபடும் பொருட்டு யானைமீது சென்றுகொண்டிருந்தார். பெருங்கோட்டூர் அருகே வந்தபோது யானை நின்றுவிட்டது. கொம்புகளால் நிலத்தைக் குத்திற்று. பின்பு தரையில் படுத்துவிட்டது. பாகர் செய்த முயற்சி ஒன்றும் பயன்படவில்லை. மன்னர் திகைத்து நின்ற அவ்வேளையில், புன்னைவனத்துக் காவலராகிய காவற்பறையர் ஓடிவந்து, தாம் வெட்டிய புற்றினுள்ளே வாலறுந்த பாம்பினையும் சிவலிங்கத்தையும் கண்ட செய்தியைக் கூறினார். மன்னர் அவ்விடம் சென்றார். இறைவன் ஆணை பெற்றுக் காட்டைத் திருத்திக் கோயில் எடுத்தார். இது தலவரலாறு.

மன்னருடைய எண்ணம் மதுரை. இறைவனுடைய திருவுள்ளமோ புன்னைவனம். யானை படுத்தது மன்னருக்கு இடையூறு. நமக்கு அதுவே ஒரு திருக்கோயில். இங்ஙனம் கூறி, ஆகவே இடையூறு எல்லாம் நன்மைக்கே என்று முடித்துவிடுதல் எளிது. மேடைகளில் அவ்வாறு முடிப்பதைப் பலகாலும் கேட்டிருக்கின்றோம். ஆயின், உக்கிரபாண்டியருக்கு ஒரு பேறு இருந்தது. வழி மறிக்கப்பட்ட அப்பொழுதே அதன் காரணமும் அவருக்குக் காட்டப்பட்டது. யானை படுத்த இடத்திற்குப் புற்றின் செய்தி தானே வந்து சேர்ந்தது. நம்மில் பலருக்கு யானை மட்டும் படுத்துவிடுகின்றது. புற்றின் செய்தி வருவதில்லை. மணநாள் குறித்த வீட்டில் மரணம் நேர்கின்றது. நன்றாக நடமாடியவர் ஒரே இரவில் படுக்கையில் விழுகின்றார். நம்பியிருந்த தொழில் கைவிட்டுப் போகின்றது. இவர்கள் திருக்கோயிலுக்கு வந்து நின்று, "இதுவும் உன் திருவுள்ளமோ?" என்று வினவும்போது என்ன விடை கிடைக்கும்? இவ்வினாவிற்கு உக்கிரபாண்டியர் வரலாறு போதாது. பெரியபுராணத்துள் திலகவதியார் வரலாற்றைத்தான் எடுத்து ஓதவேண்டும்.

திருநாவுக்கரசு நாயனாரின் தமக்கையார் இவ்வம்மையார். இக்காலத்துக் கடலூர் மாவட்டத்தில் பண்ணுருட்டிக்கு அணித்தாக உள்ள திருவாமூரில், புகழனார், மாதினியார் என்னும் பெற்றோர்க்குத் தோன்றியவர். தம்பியார்க்குப் பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார். திலகவதியார் பன்னிரண்டாம் ஆண்டினை எய்தியபோது, அரசனிடத்துப் படைத்தலைவராக இருந்த கலிப்பகையார் என்பவர்க்கு அவரை மணஞ்செய்து கொடுப்பதெனப் பெரியோர் உறுதி செய்தனர். மணம் நிகழுமுன்பே அரசன் ஆணையால் கலிப்பகையார் போர்மேற் சென்றார். போர் நீண்டது. இடையில் புகழனார் நோயுற்று உயிர் நீத்தார். மாதினியார் கணவரைப் பிரிந்து வாழ ஒருப்படாது அவருடன் சென்றார். உடன்பிறந்தார் இருவரும் அத்துயரினின்று தேறுமுன்பே, கலிப்பகையார் போர்க்களத்தில் பட்டார் என்னும் செய்தி வந்து சேர்ந்தது. தந்தை, தாய், கணவராக வரித்தவர் ஆகிய மூவரையும் சிறு பெண்ணொருத்தி ஒருவர்பின் ஒருவராக இழந்தாள். அவள் அருகே நின்றவன் அவளினும் சிறிய தம்பி ஒருவனே.

திலகவதியார் தாமும் உயிர்விடத் துணிந்தார். இதனைச் சேக்கிழார் பெருமான் மறைக்கவில்லை. அடியார் என்றால் துயரமே தீண்டாதவர், எந்த இடரிலும் புன்முறுவல் பூத்து நிற்பவர் என்று எண்ணுவார் இதனைக் கருதுதல் வேண்டும். தம்பியார் தமக்கையின் அடிகளில் விழுந்து, "பெற்றோர் போனபின்னும் உம்மைக் கண்டன்றோ யான் உயிர் வைத்திருக்கின்றேன், நீர் போவதாயின் உமக்கு முன்னே யான் போவேன்" என்னும் கருத்துப்பட அழுதார். அதன்பின்பே அம்மையார் தம் துணிவை மாற்றினார். தம்பி வாழவேண்டும் என்னும் ஒரே எண்ணம் அவர் உயிரை நிறுத்திற்று. அந்நேரத்தில் அவருக்கு வானொலி எதுவும் கேட்கவில்லை. கனவு எதுவும் தோன்றவில்லை. எதிரே அழுதுகொண்டிருந்த ஒரு சிறுவனின் முகம் மட்டுமே தெரிந்தது. இறைவன் துணை அவ்வேளையில் அந்த உருவில்தான் வந்தது போலும்.

அடியேன் பள்ளியில் தமிழ் பயிற்றிய நாளில் இப்பகுதியைப் பாடமாக நடத்துகையில் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கலிப்பகையார் இறந்ததும் கடவுள் திட்டந்தானா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் அமைதியாயிற்று. அவ்வாண்டு தந்தையை இழந்திருந்த பிள்ளை அவன். "சேக்கிழார் அதற்குக் காரணம் எழுதவில்லை அப்பா, அவர் எழுதாத காரணத்தை நான் எழுதிச் சேர்க்கமாட்டேன்" என்றேன். இன்றளவும் என் விடை அதுவே.

இவ்விடத்தைச் சற்று நிறுத்திப் பயிலுதல் வேண்டும். அதே புராணத்தில், பின்னர் மருணீக்கியாருக்குச் சூலைநோய் வந்ததற்குக் காரணம் கூறப்படுகின்றது. முற்பிறவியில் முனிவராய் இருந்து இறைவனை அடையத் தவம் முயன்றவர் அவர் என்றும், அவரைச் சூலை கொடுத்து ஆட்கொள்வோம் என்றும் இறைவனே திலகவதியார் கனவில் தோன்றி உரைக்கின்றான். ஆனால் புகழனார் நோயுற்றதற்கோ, கலிப்பகையார் பட்டதற்கோ அத்தகைய விளக்கம் யாதும் இல்லை. ஒரு துன்பத்திற்குக் காரணம் காட்டப்பட்டது, மற்றவற்றிற்குக் காட்டப்படவில்லை. கூறியதைக் கூறியபடியும், கூறாததைக் கூறாதபடியும் விட்டுச் செல்கின்றார் தெய்வப்புலவர். திருவருள்மேல் நம்பிக்கை வைத்தல் என்பது எல்லாவற்றிற்கும் காரணம் தெரிந்திருத்தல் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சைவ சித்தாந்தம் வல்லார் இறைவனுடைய கருணையை அறக்கருணை என்றும் மறக்கருணை என்றும் இருவகைப்படுத்துவர். இனிமை செய்து ஆட்கொள்வது முன்னது. துன்பம் தந்து திருத்துவது பின்னது. கட்டியை அறுக்கும் மருத்துவன் நோயாளிக்குப் பகைவன் அல்லன்; கசப்பு மருந்து புகட்டும் தாயும் அன்பில்லாதவள் அல்லள். சூலைநோய் மறக்கருணைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இக்கோட்பாடு மிக உயர்ந்தது. எனினும், ஒருவன் தன் துன்பத்தைத் தான் நோக்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளத் தக்கது இது. மகனை இழந்து வாயிற்படியில் அமர்ந்திருக்கும் தாயிடம் அண்டை வீட்டார் எடுத்துச் சொல்லத் தக்கது அன்று. "எல்லாம் உன் முன்வினை" என்று துக்க வீட்டில் தத்துவம் பேசுவாரைக் காணுந்தோறும் அடியேன் வருந்துவதுண்டு. வினை உண்மை, அதனை அளந்து பார்க்கும் கோல் நம் கையில் இல்லை.

இனித் திலகவதியார் செய்தது யாது என்று நோக்குவோம். பொன்னணி பூணாமல், எவ்வுயிர்க்கும் அருள் பூண்டு மனையிலிருந்து தவம் செய்தார். மருணீக்கியார் வளர்ந்தார். நிலையாமையை உணர்ந்து, தண்ணீர்ப்பந்தர் வைத்தும் குளந் தொட்டும் சோலை வளர்த்தும் தம் பொருளை அறத்திற்கு ஆக்கினார். பின்பு உண்மை தேடிச் சமண சமயம் சார்ந்து, பாடலிபுத்திரத்தில் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்று விளங்கினார். பாடலிபுத்திரம் என்றது திருப்பாதிரிப்புலியூரை. அம்மையார்க்கு இது நான்காம் இழப்பு. எவனுக்காகத் தம் உயிரை நிறுத்திக்கொண்டாரோ, அவனும் அவரை விட்டு நீங்கினான். அவர் திருவாமூரை விட்டுக் கெடிலக் கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். நாள்தோறும் வைகறைக்கு முன் எழுந்து திருவலகினால் திருமுற்றம் பெருக்கினார். ஆன்சாணம் கொண்டு மெழுகினார். மலர் பறித்து மாலை தொடுத்துச் சாத்தினார். தம்பியை மீட்டுத் தரவேண்டும் என்று இறைவனிடம் பலமுறை விண்ணப்பம் செய்தார்.

இங்கே இரண்டும் உடன் நிகழ்வதைக் காண்க. கேட்பதை அவர் நிறுத்தவில்லை, பெருக்குவதையும் நிறுத்தவில்லை. "எல்லாம் அவன் செயல்" என்று வாளா இருந்துவிடவும் இல்லை. கேட்டது கிடைக்கும்வரை தொண்டு செய்யேன் என்று முரண்டு பிடிக்கவும் இல்லை. அடைக்கலம் என்னும் சொல்லுக்கு அம்மையார் வாழ்ந்து காட்டிய பொருள் இது.

பல்லாண்டுகள் சென்றபின் கனவில் விடை வந்தது. சூலைநோய் தருமசேனரைப் பற்றியது. உடனிருந்தோர் தாம் அறிந்த மருத்துவமெல்லாம் செய்தும் தணியவில்லை. அந்நிலையில் அவருக்குத் தமக்கையின் நினைவு வந்தது. சமையற்காரனைத் தூது அனுப்பினார். அம்மையார் அங்கு வர இசையவில்லை. பின்பு அவரே வெண்ணிற ஆடை உடுத்து, இரவில் யாரும் அறியாதபடி நடந்து திருவதிகை வந்து தமக்கையின் அடிகளில் விழுந்தார். அம்மையார் "அன்றே சொன்னேனே" என்று இடித்துரைத்ததாகப் புராணத்தில் ஓரிடத்தும் இல்லை. எழுந்திரும் என்றார், ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். பள்ளியெழுச்சிப் பொழுதில் தம்பியை அழைத்துக்கொண்டு திருக்கோயிலுக்குப் புறப்பட்டபோது, அவர் கையில் வழக்கம்போலத் திருவலகும் மெழுகுதற்குரிய சாணமும் தோண்டியும் இருந்தன. வாழ்நாள் முழுதும் காத்திருந்த வேண்டுதல் நிறைவேறிய அந்த விடியற்காலையிலும் முற்றம் பெருக்கும் பணி விடுபடவில்லை. பெரியபுராணத்தை எத்தனை முறை ஓதினும் இந்த ஒரு காட்சியில் அடியேன் கண் நின்றுவிடும்.

அன்று பாடத் தொடங்கிய நாவுக்கரசர்க்கும் அதன்பின் இடர் ஓய்ந்ததில்லை. நீற்றறையில் இட்டனர், நஞ்சு ஊட்டினர், யானையை ஏவினர், கல்லோடு பிணித்துக் கடலில் வீழ்த்தினர். அடியார் ஆனபின் துன்பம் வாராது என்று எண்ணுதற்கு அவர் வரலாறு இடந்தரவில்லை.

அண்மைக் காலத்தில் நம் அனைவர்க்கும் பொதுவாக வந்த பேரிடரையும் ஈண்டு நினைத்தல் பொருந்தும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனாப் பெருந்தொற்றால் ஊரடங்கு வந்தது. திருக்கோயில்களில் அன்பர்கள் வழிபாட்டிற்கு வரத் தடை ஏற்பட்டது. மதுரைச் சித்திரைத் திருவிழா நிறுத்தப்பட்டு, திருக்கல்யாணத்தை மக்கள் இல்லத்திலிருந்தே இணையவழி கண்டனர். அவ்வாண்டு ஆடித்தபசு நாளிலும் சங்கரன்கோவில் வீதிகளில் வழக்கமான மக்கள் வெள்ளம் இல்லை. தமிழகத்துத் திருக்கோயில்கள் செப்டம்பர் 1-ஆம் நாள் முதல் மீண்டும் அன்பர்களுக்குத் திறக்கப்பட்டன. மறு ஆண்டு வந்த இரண்டாம் அலை பல குடும்பங்களில் உயிர் கொண்டு போயிற்று. இறுதிக் கடனுக்கும் உற்றார் கூடமுடியாது போன நாட்கள் அவை. அவ்விழப்புகளுக்குக் காரணம் கூற முற்படுவது புலமையாகாது. கதவு சாத்தியிருந்த நாளிலும் உள்ளே காலந்தோறும் பூசை நடந்தது. தெருவில் தூய்மைப் பணியாளர் வேலைக்கு வந்தனர். செவிலியர் மருத்துவமனைக்குச் சென்றனர். திருவலகு ஏந்திய கைகள் என்று அவர்களையும் சொல்லலாம்.

கோமதி அம்பிகையின் தவமும் இவ்வழியில் எண்ணத் தக்கது. அரியும் அரனும் ஒன்றாய் நிற்கும் திருக்கோலம் காண அம்பிகை விரும்பினாள். பெருமான் உடனே காட்டவில்லை. புன்னைவனம் சென்று தவம் செய்க என்றான். உலகீன்ற அன்னையும் காத்திருந்தே ஆடி உத்திராட நாளில் அக்கோலம் கண்டாள். அம்பிகை சந்நிதியின் முன் பதிக்கப்பெற்ற சக்கரத்தில் அமர்ந்து, மனத் துயருற்றோரும் நோயுற்றோரும் நெடுநேரம் வழிபடுவதை அன்பர்கள் கண்டிருப்பர். அவர்களுள் எவரும் ஒரே நாளில் எழுந்து போவதற்காக அமர்வதில்லை. உடன் வந்த உறவினர் புற்றுமண்ணும் திருநீறும் அணிவிப்பதோடு, மருத்துவர் தந்த மாத்திரைகளையும் வேளை தவறாமல் கொடுத்து வருதல் வேண்டும். மருந்தும் அவன் படைப்பே; இறைவனை நம்புகின்றோம் என்று அதனை நிறுத்திவிடுதல் நம்பிக்கையாகாது. சக்கரத்தில் அமர்ந்திருப்பவரை வேடிக்கை பார்த்து நிற்பதும், என்ன குறை என்று குடைந்து கேட்பதும் தகாதன. சற்று விலகி வழிவிட்டு, அவர் பொருட்டு ஒருமுறை ஐந்தெழுத்து ஓதிச் செல்லலாம்.

திலகவதியார் அறுபத்துமூவருள் ஒருவராக எண்ணப்படவில்லை. தம்பியாரின் திருத்தலப் பயணம் விரிய விரிய, அம்மையார் புராணத்தில் பின்னே நின்றுவிடுகின்றார். ஆயினும் திருவதிகை வீரட்டானத்தில் அவருக்குச் சந்நிதி உண்டு. பண்ணுருட்டி வழியாகச் செல்லும் அன்பர்கள் வைகறையில், நடை திறக்கும் நேரத்தில் சென்றால், முற்றம் பெருக்கும் ஓசையுடன் அத்தலத்தைக் காணலாம்.