மீன்முள் எந்தப் பக்கம் பார்க்கிறது?

கேள்வி: தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறோம். அப்பா வாங்கி மாட்டிய பழைய டி.வி. ஆண்டெனா இன்னும் கூரைமேல் நிற்கிறது. மீன்முள் மாதிரி இத்தனை கம்பிகள் எதற்கு? இதை யார் கண்டுபிடித்தார்கள்? (வாசகர், வண்டிப்பெரியார்)

பதில்: அந்த மீன்முள்ளின் பிறந்த ஊர் ஜப்பானின் செண்டாய். அங்குள்ள தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஹிடெட்சுகு யாகி பேராசிரியர். ஷிண்டாரோ உடா அவரிடம் வேலை பார்த்த இளம் ஆய்வாளர். வானொலி அலையை நாலா பக்கமும் சிதறவிடாமல் ஒரே திசையில் குவித்து அனுப்ப முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1926இல் முதல் கட்டுரை வெளிவந்தது. வீடுகளுக்கு டி.வி. வந்திராத காலம் அது.

உங்கள் ஆண்டெனாவை ஒரு முறை உற்றுப் பாருங்கள். ஒரு கம்பி மட்டும் மடித்து வளையமாக இருக்கும்; வீட்டுக்குள் வரும் ஒயர் அதிலிருந்துதான் இறங்கும். மற்ற கம்பிகளுக்கு ஒயரே கிடையாது. அப்படியானால் அவை சும்மா நிற்கின்றனவா? இல்லை. வளையத்துக்குப் பின்னால் சற்று நீளமான கம்பி ஒன்று இருக்கிறது. தாண்டிப் போகப் பார்க்கும் அலையை அது திருப்பி வளையத்தின் மேல் விழச் செய்கிறது. முன்னால் வரிசையாக நிற்கும் குட்டைக் கம்பிகள், வருகிற அலையை வளையத்தை நோக்கி வழிநடத்துகின்றன. வளையத்தின் நீளம் அலையின் நீளத்தில் ஏறத்தாழப் பாதி. தூர்தர்ஷனின் கீழ் வரிசைச் சேனல் ஒன்று 62 மெகாஹெர்ட்ஸில் வந்தது என்றால் அலை 4.8 மீட்டர், கம்பி 2.4 மீட்டர். மேல் வரிசையில் 175 மெகாஹெர்ட்ஸ் என்றால் கம்பி 85 சென்டிமீட்டர்தான். ஆண்டெனா வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் "எந்த ஸ்டேஷனுக்கு?" என்று கேட்டதன் காரணம் இதுதான். கண்ணுக்குத் தெரியாத அலையின் அளவு உங்கள் கூரைமேல் அலுமினியத்தில் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

பெயர் விஷயத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சோதனைகளில் பெரும்பகுதியைச் செய்தவர் உடா. காப்புரிமை யாகியின் பெயரில் பதிவானது. 1928இல் யாகி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை உலகெங்கும் பரவ, எல்லோரும் 'யாகி ஆண்டெனா' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்தக் கட்டுரையிலேயே உடாவின் உழைப்பை யாகி எடுத்துச் சொல்லியிருந்தார். அது யார் காதிலும் ஏறவில்லை. 'யாகி-உடா' என்று சேர்த்துச் சொல்வதே நியாயம். அந்த உடா 1950களின் பிற்பாதியில் சில ஆண்டுகள் டெல்லியில், நம் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். அதே டெல்லியில்தான் 1959 செப்டம்பர் 15 அன்று இந்தியாவின் முதல் டி.வி. ஒளிபரப்பு தொடங்கியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1942இல் சிங்கப்பூர் விழுந்தபோது, பிரிட்டிஷ் ராணுவத்தாரின் ரேடார் குறிப்புகள் ஜப்பானியர் கையில் சிக்கின. அதில் 'யாகி' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. என்ன பொருள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர் என்று சொன்னது பிடிபட்ட பிரிட்டிஷ் கைதி. சொந்த ஊரில் யாரும் பொருட்படுத்தாத கண்டுபிடிப்பை எதிரி எடுத்துப் போரில் பயன்படுத்திக்கொண்டிருந்தான்.

கேள்வி: ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்தும் சில வீடுகளில் படம் வராது, மேட்டிலுள்ள வீட்டில் மட்டும் தெளிவாகத் தெரியும். ஏன்?

பதில்: டி.வி. அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. மலை குறுக்கே வந்தால் மறுபக்கம் நிழல்தான். எண்பதுகளின் பிற்பகுதியில் சென்னைத் தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளைத் தென்மாவட்டங்களுக்குக் கொண்டுசேர்த்தது கொடைக்கானல் நிலையம். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்த ஊரிலிருந்து தடையில்லாவிட்டால் டி.வி. அலைக்கு அடிவானம் ஏறத்தாழ 190 கிலோமீட்டரில். வண்டிப்பெரியாருக்கு நேர்கோட்டில் 85 கிலோமீட்டர்தான். கணக்குப்படி படம் கண்ணாடிபோல வந்திருக்க வேண்டும். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கைத் தாண்டியதும் மலைமுகடுகள் எழுந்து நிற்கின்றன. வண்டிப்பெரியாரோ அவற்றுக்கு இப்பால் பெரியாற்றங்கரைப் பள்ளத்தில் கிடக்கிறது. மேட்டு வீட்டுக்குக் கிடைத்த அலை, ஆற்றோர வீட்டின் தலைக்கு மேலே போய்விட்டது. சில சமயம் அதே அலை எதிர்மலையில் மோதித் தாமதமாக வந்து, படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல்படம் காட்டும்.

அதனால்தான் மலைநாட்டில் ஆண்டெனா மாட்டுவது மூன்று பேர் வேலை. கூரையிலிருந்து "தெரியுதாடா?" என்று குரல் வரும். "இல்லண்ணே, இன்னும் கொஞ்சம் கெழக்க திருப்புங்க" என்று வாசலிலிருந்து பதில் போகும். உள்ளே ஒருவர் கொசு பறக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். படிப்பு அதிகம் இல்லாத மனிதர்கள் அலையின் போக்கைக் கையால் தடவிக் கண்டுபிடித்தார்கள். கூரைமேல் நடந்த அந்த வேலையை நான் பெரிய அறிவாகவே மதிக்கிறேன்.

உங்கள் வீட்டு ஆண்டெனாவில் குட்டைக் கம்பிகள் இருக்கும் முனை எந்தப் பக்கம் நோக்குகிறது? காற்றில் குழாய் திரும்பியிராவிட்டால் அதுவே உங்கள் அப்பா படம் தேடிய திசை. வடக்கும் கிழக்குமாக என்றால் கொடைக்கானல். மேற்கே, கொஞ்சம் வடக்கு ஒதுங்கியிருந்தால் கொச்சி. நேர் தெற்கு என்றால், 1985 ஜனவரி 1 முதல் மலையாள நிகழ்ச்சிகள் தயாரித்த திருவனந்தபுரம். கேரள மண்ணில் கொழுந்து பறித்துப் பிழைத்த தமிழ்க் குடும்பம் மாலையில் எந்த மொழிக்கு முகம் கொடுத்து உட்கார்ந்தது என்பதை அந்தக் கம்பி சொல்லும்.

கேள்வி: 'ஆண்டெனா' என்பது எந்த மொழிச் சொல்?

பதில்: லத்தீன். முதலில் அது பாய்மரக் கப்பலில் பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டைக்குப் பெயர். கிரேக்கத்தில் அந்தக் கட்டைக்கும் பூச்சியின் உணர்கொம்புக்கும் ஒரே சொல் என்பதால், அரிஸ்டாட்டிலை லத்தீனில் பெயர்த்தபோது பூச்சிக்கும் 'ஆண்டெனா' வந்து சேர்ந்தது. இத்தாலியில் அந்தச் சொல் கம்பத்தையும் குறித்தது. மார்க்கோனியின் வானொலிச் சோதனைகளில் ஒயரைத் தாங்கிய கம்பத்திலிருந்து நம் கூரைக்கு ஏறியது. தமிழில் 'அலைவாங்கி' என்பார்கள்; எனக்குப் பிடித்த சொல்.

கேள்வி: இப்போது அதில் ஏதாவது வருமா? கழற்றிவிடலாமா?

பதில்: வராது. தூர்தர்ஷனின் பழைய தரைவழி நிலையங்கள் மிகச் சிலவற்றைத் தவிர 2022க்குள் நிறுத்தப்பட்டுவிட்டன. மாதக் கட்டணம் இல்லாமல் பார்க்க வேண்டுமானால் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004 டிசம்பரில் வேறு பெயரில் தொடங்கியது. அதன் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே, கிழக்கு 93.5 பாகையில், ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில். உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் கிழக்கே, சற்றுத் தெற்கு ஒதுங்கி, தரையிலிருந்து 68 பாகை உயரத்தில் நிற்கிறது. அவ்வளவு செங்குத்தாக மேலே பார்ப்பதால் கொடைக்கானலை மறைத்த முகடு இதை மறைக்காது. ஆற்றோர வீட்டுக்கும் மேட்டு வீட்டுக்கும் இப்போது ஒரே படம்.

பழையதை வைத்திருக்க ஆசையென்றால் கம்பிகளை மட்டும் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். இடுக்கியில் துலா மழைக்கால மாலைகளில் இடி மின்னல் கடுமை. எர்த் இல்லாமல் கூரைமேல் நிற்கும் இரும்புக் குழாய் ஆபத்து. மழையில்லாத பகலில், பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு பேராக இறக்குங்கள். குழாயின் அடி துருப்பிடித்திருந்தால் மேலே ஏறாதீர்கள். ஏணி போட்டுப் பழகிய ஆளைக் கூப்பிடுங்கள்.